வரப்பும் உடலும்: பண்டைய ஜப்பானியரின் குற்றக் கோட்பாடு

செய்தவன் அறியாமல் நேர்ந்த தீங்கைக் குற்றம் எனலாமா என்னும் வினா அறவியலில் பழையது. பண்டைய ஜப்பானியச் சமூகம் இவ்வினாவைக் கேட்டதாகவே தெரியவில்லை. அதன் 'ட்சுமி' என்னும் சொல் குற்றம், தீட்டு, நோய், இயற்கைப் பேரிடர் ஆகிய அனைத்தையும் ஒருங்கே சுட்டியது. கி.பி. 927இல் நிறைவுற்ற எங்கிஷிகியின் எட்டாம் சுருளில் உள்ள பெருந்தூய்மைச் சடங்கு உரை இதற்குத் தக்க சான்றாகும்.

அவ்வுரை ட்சுமியை விண்ணகத்தன, மண்ணகத்தன என இருவகைப்படுத்துகின்றது. வரப்பை உடைத்தல், வாய்க்காலைத் தூர்த்தல், மடையைத் திறந்துவிடல், விதைத்த நிலத்தில் மீண்டும் விதைத்தல் என்பன முதல்வகையின் தொடக்கத்தில் நிற்கின்றன. பட்டியலின் முதலிலேயே வரப்பு இடம்பெறுவது வியப்பன்று. 1943இல் வெளிப்பட்ட ஷிசுவோகாவின் தோரோ அகழ்விடத்தில் பலகை பதித்த வரப்புகளோடு யயோய் காலத்து நெல்வயல்கள் காணப்பட்டன. நீரைப் பகிர்ந்து வாழ்ந்த அம்மக்களுக்கு ஒருவர் வரப்பு உடைந்தால் அடுத்தவர் பயிர் கெடும். உடைத்தவர் எண்ணம் எதுவாயினும் கேடு ஒன்றே.

இச்செயல்களை முதலில் செய்தவன் சுசானோவோ. 712இல் தொகுக்கப்பட்ட கொஜிகியில் அவன் தமக்கை அமதெராசு, நிலம் வீணாகிறதே என்று கருதியே தம்பி வரப்பை அழித்திருப்பான் என முதலில் பரிந்து பேசுகின்றாள். எண்ணத்தை எடைபோடும் அறவுணர்வு அங்கு அறவே இல்லை என்பார் கூற்று இவ்விடத்தில் பொருந்தாது. ஆயினும் அப்பரிவு நிலைக்கவில்லை. அவன் அடாவடி முற்ற, தேவர்கள் அவனது தாடியையும் நகங்களையும் களைந்து அவனை விண்ணுலகினின்று துரத்தினர்.

சிக்கல் இரண்டாம் வகையில் எழுகின்றது. தகாப் புணர்ச்சி, சூனியம் ஆகியவற்றோடு தோல் வெண்மை, தோலில் தோன்றும் கழலை, ஊர்வனவால் நேரும் இடர் ஆகியனவும் அதில் அடங்கும். தீய செயல் மட்டுமன்றி நோயும் இடரும் ட்சுமியே என மொதோஒரி நொரினாகா (1730–1801) விளக்கினார். சொற்பொருள் அளவில் அவ்விளக்கம் செம்மையானதே. அறத்தளவில் அது போதாது. வயலில் எண்ணத்தைக் கேளாமைக்குக் காரணம் உண்டு. அங்கே பிறர்க்கு இழப்பு நேர்கின்றது. வெண்தோலால் எவர் பயிர் கெட்டது? வயலுக்குரிய அளவுகோல் உடலுக்குப் பெயர்க்கப்பட்டபோது, துன்புறுவோன் துன்புறுத்தியோனோடு ஒரே வரிசையில் நிறுத்தப்பட்டான்.

இதற்கு மறுதலையாக ஒன்றைக் கூறலாம்: அச்சடங்கு எவரையும் தனித்துக் குற்றவாளியாக்குவதில்லை. ஆறாம், பன்னிரண்டாம் திங்களின் இறுதி நாளில் எல்லோருடைய ட்சுமியும் ஒருசேர ஆற்றில் விடப்படும். கடலில் ஒரு தெய்வம் அதை விழுங்கும். இறுதியில் பாதாளத்துத் தெய்வம் அதைச் சுமந்து அலைந்து தொலைத்துவிடும். இது கருணையே. ஆனால் நோயாளிக்கு அக்கருணை பயன்படாது. ஆற்றில் விட்ட பின்னும் அவன் தோல் அவனோடே திரும்புகின்றது.

இன்று ஆலயங்களில் ஓதப்படும் வடிவில் இப்பட்டியல் இல்லை. வரப்பும் கழலையும் சேர்ந்தே நீக்கப்பட்டுவிட்டன.