எது அம்மாவின் செடி?

கோத்தகிரி வீட்டு வாசலில் நிற்கும் சிம்பிடியம் ஆர்க்கிட், அம்மா வைத்தது. மார்ச்சில் பூ ஓய்ந்ததும் தொட்டி மாற்றலாமென்று கவிழ்த்தேன், அசையவில்லை. கடைசியில் சுத்தியலால் தொட்டியைத்தான் உடைக்க வேண்டியிருந்தது. செத்த வேர்கள் விரலில் நசுங்கி, நார் மட்டும் மிஞ்சியது. உயிருள்ளவை வெள்ளையாய், விறைப்பாய் இருந்தன. கத்தியைத் தீயில் காட்டி, கொத்துக்கு மூன்று நான்கு கிழங்குகள் வரும்படி நறுக்கினேன். நான்கு கொத்துகள்.

இதில் அம்மாவின் செடி எது? முன்பக்கம் புதுக்கிழங்கு விட்டுக்கொண்டே போவதும் பின்பக்கம் பழசு மட்குவதும் இதன் வழக்கம். அம்மா நட்ட கிழங்கு எப்போதோ மண்ணாகியிருக்கும். தேரைப் பிரித்துப் பார்த்தால் தேர் என்று தனியாக எதுவுமில்லை என்று மிலிந்த மன்னனிடம் வாதிட்டார் பௌத்தத் துறவி நாகசேனர். சரிதான், ஆனால் தேர் பூக்காதே! உயிரைக் கூறுபோட முடியாது என்று கேட்டு வளர்ந்த சைவ வீட்டுப் பெண் நான். அப்படியானால் ஒன்று எப்படி நான்கானது? கேட்டால் குருக்கள் சிரிக்கிறார்.

இலையில்லாத பழங்கிழங்கு ஒன்றைத் தூக்கிப்போட மனமில்லாமல் ஈரப்பாசியில் வைத்தேன். ஆடியில் அதன் அடியில் குண்டூசித் தலையளவு பச்சை முளை. பூக்க இன்னும் மூன்று வருஷமாவது ஆகும்.