மேசையின் மறுபக்கம்

குடியேறிய தமிழர் பலர் வாழும் மல்வேர்னிலிருந்து 401 நெடுஞ்சாலையைக் கடந்து தெற்கே போனால் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகம். அங்கே கோ-ஒப் முறையில் மேலாண்மைப் பட்டம் படிப்பவர்கள் சில தவணைகளை வகுப்பிலும் சிலவற்றைச் சம்பள வேலையிலும் கழிக்கிறார்கள். அந்த வேலை பலருக்கு வங்கியில், காப்புறுதியில், கணக்காய்வில் அமைகிறது. பிரித்தானியாவில் 2015 முதல் நடக்கும் பட்டத் தொழிற்பயிற்சிக்கு ஒன்ராறியோவில் நெருங்கிய உறவு இது. கனடாவில் கோ-ஒப்பை 1957இல் வாட்டர்லூ பல்கலைக்கழகம் பொறியியல் மாணவருக்காகத் தொடங்கியது. நம் வீடுகளில் இதைப் பற்றிப் பேசும்போது படிப்புக்கடன் குறையும், வேலை கிடைக்கும் என்றே பேசுகிறோம். குடிபெயர்ந்து வந்த குடும்பங்களுக்கு அது நியாயமான கணக்கு. ஆனால் அதற்கு அடியில் ஓர் அறக் கேள்வி கிடக்கிறது. பிறர் பணத்தைக் கையாளும் தொழிலை, அந்தத் தொழிலிடமே சம்பளம் வாங்கிக்கொண்டு பழகும் இருபது வயதுப் பிள்ளை, அதன் சரி பிழையையும் அங்கேயே கற்றுக்கொள்ள முடியுமா?

பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணுவதே வாணிகம் என்று வாணிகருக்குச் சொன்ன குறளை வள்ளுவர் பொருட்பாலில் வைக்கவில்லை. அறத்துப்பாலில், நடுவுநிலைமை அதிகாரத்தின் கடைசிக் குறளாக வைத்தார். எனவே பிறர் பொருளைப் பேணுவது அவருக்குத் திறமை பற்றிய விடயம் அல்ல, மனம் கோணாமல் இருப்பது பற்றிய விடயம். திறமையை நூலில் படிக்கலாம். கோணாமை கைப்பழக்கத்தால் வருவது. கையில் பிறர் காசு இல்லாதவனுக்கு அதைப் பழக இடமே இல்லை. ஆகவே வேலையோடு கற்பது கல்வியின் தூய்மையைக் கெடுக்கிறது என்ற பழைய குறையை நான் ஏற்கவில்லை. இந்த ஒழுக்கத்தைப் பொறுத்தவரை வகுப்பறை மட்டும் போதாது.

இதை நம்மவர் முன்பே அறிந்திருந்தார்கள். நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் வட்டிக்கடைகள் பர்மா, மலாயா, இலங்கை எங்கும் பரவியிருந்த காலத்தில் பையன்கள் பெட்டியடிப் பையனாகக் கடைக்குள் நுழைந்தார்கள். ஏவின வேலை செய்து, பேரேடு பார்க்கப் பழகி, அடுத்தாளாகி, நம்பிக்கை தேறினால் மேலாளாகி, கடல் கடந்த முதலாளியின் பணத்தைத் தனியே ஆண்டார்கள். ப. சிங்காரத்தின் ‘கடலுக்கு அப்பால்’ நாவலின் செல்லையா பினாங்கில் அப்படியொரு கடையின் அடுத்தாள். அந்தப் பயிற்சி கோயிலோடு பின்னிக் கிடந்தது. இலாபத்தில் ஒரு பங்கு மகமையாகத் தர்மத்துக்குப் போனது. ரங்கூனில் செட்டியார்கள் கோயிலில் கூடியே நடப்பு வட்டியைத் தீர்மானித்தார்கள். சிங்கப்பூரில் 1859இல் அவர்கள் நிறுவிய தண்டாயுதபாணி கோயில் இன்றும் டாங்க் வீதியில் இருக்கிறது. தெய்வத்தின் முன்னிலையில் கணக்கு எழுதப் பழகியவன் முதலாளியின் ஒரு காசைத் தொட அஞ்சினான்.

ஆனால் இந்தப் பெருமையை அப்படியே விழுங்க முடியாது. 1930களின் பெருமந்தத்தில் அரிசி விலை விழுந்தபோது, கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்களிடம் இருந்த நிலம் ஏறக்குறைய 6 சதவீதத்திலிருந்து சில ஆண்டுகளில் 25 சதவீதமானது. கடனைத் திருப்ப முடியாத உழவர்களின் வயல்கள் அவை. செட்டியார்கள் நிலத்துக்கு ஆசைப்பட்டு வந்தவர்கள் அல்லர், பணமே வேண்டுமென்றார்கள் என்பதும் உண்மைதான். இருந்தும் மகமையாலும் கோயிலாலும் அந்த வயல்களைக் காக்க முடியவில்லை. காரணம் பையன்களின் நேர்மைக் குறைவு என்று நான் நினைக்கவில்லை. அவர்கள் கற்ற நேர்மை மேசையின் ஒரு பக்கத்துக்கு உரியது. முதலாளியின் பொருளைத் தன் பொருள்போல் பார்க்கக் கற்றார்கள். கடன் வாங்கியவனின் வயலை அப்படிப் பார்க்க அந்தக் கடைக்குள் யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. கடைக்கு வெளியே நின்று கடையைப் பார்க்கும் ஒரு நாளும் அந்தப் பயிற்சியில் இல்லை.

இன்றைய வங்கிக்கும் இது பொருந்தும். கனடாவின் நிதி நுகர்வோர் முகமை பெரிய வங்கிகளின் விற்பனை முறைகளை ஆராய்ந்து 2018இல் வெளியிட்ட அறிக்கை, பரவலான மோசடி நடந்ததாகச் சொல்லவில்லை. விற்பதையே முதன்மையாக்கிய பண்பாடு வாடிக்கையாளருக்குப் பொருந்தாததை விற்கும் ஆபத்தைக் கூட்டுகிறது என்றது. அமெரிக்காவின் வெல்ஸ் பார்கோவில் அந்த ஆபத்து முற்றியது. வாடிக்கையாளர் கேளாத கணக்குகளைத் திறந்ததற்காகச் சுமார் 5,300 ஊழியர்கள் நீக்கப்பட்டது 2016இல் வெளிவந்தது. அவர்களும் வேலையில் கற்றவர்கள்தாம். இலக்கை எட்டுவதே நல்ல வேலை என்று கற்றிருந்தார்கள்.

வட்டியே பாவம், அதில் நல்ல பயிற்சி கெட்ட பயிற்சி என்று என்ன இருக்கிறது என்று கேட்பவர்களும் உண்டு. குர்ஆன் ரிபா எனப்படும் வட்டியைத் தடுக்கிறது. இடைக்காலத் திருச்சபையும் வட்டியைத் தடுத்தது. இந்த மறுப்பை நான் மதிக்கிறேன். தடையின் வேர், இல்லாதவனின் நெருக்கடியில் இருப்பவன் ஆதாயம் தேடக்கூடாது என்பதுதான். ஆனால் மோர்ட்கேஜ் இல்லாமல் வீடு வாங்க முடியாத நகரத்தில் அந்தத் தொழிலை விட்டு நல்லவர்கள் விலகினால் நெருக்கடியில் இருப்பவனுக்கு எதுவும் மிஞ்சாது. அவன் முன்னால் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதே அப்போதும் கேள்வி.

அதனால்தான் கோ-ஒப்பில் சம்பளத்தைவிட, நான்கு மாதம் கழித்து வகுப்புக்குத் திரும்புவதையே நான் பெரிதாக எண்ணுகிறேன். இலக்கும் மேலாளரும் இல்லாத இடத்தில், செய்ததை எடுத்து வைத்துப் பார்க்கும் இடைவெளி அது. பெட்டியடிப் பையனுக்கு அது கிடைக்கவில்லை. மல்வேர்ன் போன்ற இடத்துப் பிள்ளைக்கு இன்னொன்றும் இருக்கிறது. சீட்டுக் கட்டி முன்பணம் சேர்த்த, வங்கிக் கடிதத்தைப் பிள்ளையைக் கொண்டு வாசிப்பித்த வீடுகள் இங்கே பல. மேசையின் மறுபக்கத்தை அந்தப் பிள்ளை வேலைக்குப் போகுமுன்பே அறியும். வங்கிகள் நிறைந்த பே வீதிக்குப் போகும்போது அதை மறந்தால்தான் முன்னேறலாம் என்று அதற்குச் சொல்லிக்கொடுக்கிறோம். வேலைத் தவணை முடிந்ததும் மாணவர் எழுதும் அறிக்கையில் எதைக் கற்றாய், எந்த மென்பொருளைப் பழகினாய் என்று கேட்கிறார்கள். நீ கையொப்பம் வாங்கிய தாளை உன் அம்மாவிடம் கொடுத்திருந்தால் என்ன சொல்லிக் கொடுத்திருப்பாய் என்றும் அதில் கேட்கலாம்.