எரிவதும் அடங்குவதும்

பச்சைமலைக்கும் கொல்லிமலைக்கும் நடுவே இருக்கும் உப்பிலியபுரத்துப் பக்கம் மார்கழி விடியலில் பனியும் புகையும் சேர்ந்தேதான் தெரியும். கூரை இடுக்கில் கசியும் புகையை ஊர் விழித்ததற்கு அடையாளமாகப் பார்த்துப் பழகிவிட்டோம். பருத்தி மார் எரிகிறது, சோளத்தட்டை எரிகிறது, சீமைக் கருவேலம் எரிகிறது. ஊதுகுழலை வாயில் வைத்து ஒருத்தி ஊதுகிறாள். அவள் விடும் மூச்சு அடுப்புக்குப் போகிறது. அடுப்பு விடுவது அவளுக்குள் போகிறது. கேஸ் வந்துவிட்ட வீட்டிலும் வெந்நீர் விறகில்தான் காய்கிறது. ஐம்பதைத் தொடும்போது இருமல் நிற்பதில்லை. முதலில் சளி என்கிறாள். பிறகு வீசிங் என்கிறாள். பீடியைத் தொட்டறியாதவளுக்குப் புகைபிடிப்பவரின் நோய் எப்படி வந்தது என்று நாம் கேட்பதில்லை.

புகைத் துகள் நுரையீரலின் காற்றுப் பைகளில் படிந்ததும் அங்கே காவலிருக்கும் செல்கள் கிளர்ந்தெழுகின்றன. அழற்சி என்று மருத்துவம் சொல்லும் அது உடலின் சினம். அந்தச் சினம் இல்லாவிட்டால் குழந்தைப் பருவத்தின் முதல் நிமோனியாவிலேயே நம்மில் பலர் போயிருப்போம். எனவே உடலிடம் நாம் வேண்டுவது சினமே இல்லாத நிலை அன்று. வந்த வேலை முடிந்ததும் அது இறங்க வேண்டும், அவ்வளவே. இறங்காத சினம் மூச்சுக்குழாயின் சுவரைத் தடிக்கச் செய்கிறது, காற்றுப் பைகளை அரிக்கிறது, காக்க வந்த இடத்தையே பாழாக்குகிறது.

அதை இறக்குகிறவர்களில் ஒரு கூட்டத்தை நாம் அண்மைக் காலத்தில்தான் அறிந்தோம். 1993-ல் விக்டர் ஆம்ப்ரோஸும் கேரி ரவ்கனும் ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள புழுவை ஆராய்ந்தபோது, புரதம் எதையும் உண்டாக்காத ஒரு துண்டு ஆர்.என்.ஏ. இன்னொரு மரபணுவை அடக்கி வைப்பதைக் கண்டார்கள். சுமார் 22 எழுத்து நீளம் அதற்கு. மரபணு பிறப்பித்த கட்டளையைச் சுமந்து செல்லும் தூது ஆர்.என்.ஏ.வில் ஒட்டிக்கொண்டு, அக்கட்டளை புரதமாகாமல் அது தடுத்தது. புழுவுக்கு மட்டும் உரிய விந்தை என்று உலகம் கடந்து போயிற்று. 2000-ல் ரவ்கன் கண்ட லெட்-7 என்னும் இன்னொரு துண்டு, மனிதன் உட்படப் பல உயிர்களில் மாறாமல் இருப்பது தெரிந்த பிறகுதான் கவனம் திரும்பியது. இன்று மைக்ரோ ஆர்.என்.ஏ. எனப்படும் இவற்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை நம்மிடம் உண்டு. அவ்விருவருக்கும் 2024-ல் நோபல் பரிசு வந்தது.

நுரையீரலின் சினத்தோடு தொடர்புடைய இரண்டை மட்டும் எண்ணிப் பார்ப்போம். கலிஃபோர்னியாவில் டேவிட் பால்டிமோரின் ஆய்வகம் 2006-ல் வெளியிட்ட முடிவு இது: அழற்சியைத் தொடங்கும் அதே சமிக்ஞை, மிர்-146ஏ என்ற துண்டையும் கூடவே பிறப்பிக்கிறது, அது பெருகி, சமிக்ஞை நுழைந்த வழியில் நிற்கும் புரதங்களையே குறைத்துவிடுகிறது. சீற்றத்தின் வயிற்றிலேயே தணிவும் கருக்கொள்கிறது. மிர்-155 இதற்கு எதிர்ப்பக்கம் நிற்பது. அழற்சிக்குத் தடையாயிருப்பவற்றை அடக்கி, சீற்றத்துக்கு வழி திறந்துவிடுவது. அப்படியானால் முதலாவதை நல்லதென்றும் இரண்டாவதைத் தீயதென்றும் பிரித்துவிடலாமா? முடியவில்லை. மிர்-146ஏ இல்லாத எலிகளில் எதிர்ப்பாற்றல் தன் உடலையே தாக்கியது. மிர்-155 இல்லாத எலிகளோ எதிர்ப்பாற்றல் குன்றின. அவற்றின் மூச்சுக்குழாய்களும் உருமாறின. புகைபிடிப்பவரின் நோய் என்று முதலில் சொன்னோமே, அந்த நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களிடமிருந்து எடுத்து வளர்த்த நார்த்திசுச் செல்களைத் தூண்டிப் பார்த்த 2010-ஆம் ஆண்டு ஆய்வில், அந்நோய் இல்லாதோரின் செல்கள் ஆக்கிய அளவுக்கு அவை மிர்-146ஏவை ஆக்கவில்லை. சினம் வந்தது; தணிவு குறைவாக வந்தது.

ஆற்றல் என்றால் ஒன்றைச் செய்வது என்றே எண்ணிப் பழகிய நமக்கு, நிறுத்துவதும் ஆற்றல்தான், அதற்கும் உடல் பொருள் செலவிட்டுத் தனிக் கருவி படைத்து வைத்திருக்கிறது, அந்தக் கருவி தளரும் இடத்தில் பகைவன் போன பின்னும் போர் ஓயாமல் நடந்து காப்பவனே அழிப்பவனாகிவிடுகிறான் என்று இந்தச் சிறு துண்டுகள் காட்டுகின்றன. குடும்பத்திலும் ஊரிலும் அரசிலும் நாம் கண்ட அழிவுகளில் எத்தனை, கோபப்பட்டதால் வந்தவை அல்ல, கோபத்தை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாததால் வந்தவை என்பதை எண்ணும்போது, உயிரின் ஒழுங்கும் வாழ்வின் ஒழுங்கும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவையோ என்று தோன்றுகிறது.

ஆனால் இந்த வியப்போடு நின்றுவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. எரிகிறதைப் பிடுங்கினால் கொதிக்கிறது தானே அடங்கும் என்பது நம் வீடுகளில் புழங்கும் சொல். மைக்ரோ ஆர்.என்.ஏ. செய்வது கொதிப்பை அடக்கும் வேலை. எரிகிறதைப் பிடுங்க அதனால் ஆகாது. டெல்லியில் உள்ள மரபணுத்தொகுதி மற்றும் ஒருங்கிணைந்த உயிரியல் கழகத்தார் 2011-ல், ஆஸ்துமா உண்டாக்கிய எலிகளின் மூக்கு வழியே லெட்-7ஐச் செலுத்தி அழற்சியைக் குறைத்துக் காட்டினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு ஹூஸ்டனில் நடந்த ஆய்வோ, லெட்-7ஐத் தடுத்தபோதுதான் அழற்சி குறைந்தது என்றது. இவ்வளவு நுட்பமான சமநிலையில் வெளியிலிருந்து கைவைப்பது எளிதல்ல. நுரையீரல் அழற்சிக்கு இவ்வழியில் ஒரு மருந்தும் இன்னும் நோயாளியின் கைக்கு வரவில்லை.

அடுப்பு நம் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. திருவள்ளூர் மாவட்டத்தின் 45 கிராமங்களில், புகைபிடிக்காத, முப்பது வயது கடந்த 900 பெண்களைச் சோதித்து 2011-ல் வெளியான ஆய்வில், நூற்றுக்கு 2.44 பேருக்கு அடைப்பு நோய் இருந்தது; நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் சமையலறையில் இருப்போரிடையே அது 3 விழுக்காடு. சிறிய எண்தான், ஆனால் தமிழ்நாட்டுக் கிராமங்கள் அனைத்துக்கும் விரித்து எண்ணினால் அது சிறியதல்ல. பொறுமை அவள் குணம் என்று புகழ்ந்துகொண்டே அவளை நாம் புகைக்குள் விட்டோம். அவளுடைய செல்களும் அதே பொறுமையோடு நாளெல்லாம் தணித்துக்கொண்டே இருக்கும் என்று நம்பினோம். தணிக்கும் ஆற்றலுக்கு உடலில் எல்லை உண்டு. அந்த எல்லைக்கு ஒருத்தியைத் தள்ளிய பிறகு மருந்து தேடுவது அறமாகாது.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ மாதக் கணக்கில் இருமிக்கொண்டு, நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிற பெண் இருந்தால், துறையூர் அரசு மருத்துவமனைக்கோ திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்கோ அழைத்துப் போய், மூச்சை ஊதிப் பார்க்கும் சோதனை வேண்டும் என்று கேளுங்கள். வீட்டில் எரிவது என்ன என்று மருத்துவர் கேட்காவிட்டாலும், நீங்களே சொல்லுங்கள்.