அனுமதி கேட்காத கண்

பிறர் வீட்டு வாசலில் நின்று ஸலாம் கூறி, அனுமதி பெற்ற பின்னரே உள்ளே நுழைய வேண்டும் என்பது நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிந்த சட்டம். ஸூரத்துந் நூரின் 27-ஆம் வசனம் இதைப் போதிக்கிறது. இச்சட்டம் எதன் பொருட்டு வந்தது? நாயகம் (ஸல்) அவர்களின் அறையினுள் ஒரு மனிதர் துவாரத்தின் வழியே எட்டிப் பார்த்தார். அப்போது அவர்களின் திருக்கரத்தில் தலைவாரும் சீப்பு போன்ற ஒன்று இருந்தது. அவர் பார்ப்பது முன்பே தெரிந்திருந்தால் அதைக்கொண்டே கண்ணைக் குத்தியிருப்பேன் என்னும் அளவுக்குக் கண்டித்தார்கள். அனுமதி கேட்பது விதியானதே பார்வையின் காரணத்தால்தான் என்றும் விளக்கினார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள ஹதீஸ் இது. ஆக, கண் நுழைவதும் நுழைவதே.

இன்று கால் நுழையாமல் கண் மட்டும் நுழையும் வசதி வந்துவிட்டது. 'ஸ்மார்ட் ஹோம்' என்கிறார்கள். சொன்னால் எரியும் விளக்கு, கைப்பேசியால் திறக்கும் பூட்டு ஆகியவற்றில் நமக்கு ஆட்சேபணை இல்லை. எழுந்து நடக்க இயலாத முதியவர் வாயால் சொல்லி மின்விசிறியைப் போட்டுக்கொள்வது அல்லாஹ்வின் நிஃமத் அல்லவா! நாம் தயங்குவது கேமராவில்தான்.

வளைகுடாவில் பணிபுரியும் சகோதரர் ஒருவர் நம்மிடம் கேட்டார்: "ஹஜ்ரத், உம்மாவுக்கு வயதாகிவிட்டது. தவறி விழுந்தால் தெரிய வேண்டுமே என்று ஹாலில் கேமரா வைத்திருக்கிறேன். கூடுமா?"

நோக்கம் நல்லது. கூடும் என்றே சொல்ல வாயெடுத்தோம். வீட்டில் வேறு யார் யார் என்று விசாரித்தபோது, மனைவி, தம்பியின் மனைவி, பாத்திரம் துலக்க வரும் பெண் என்றார். அவர்களிடம் கேட்டீர்களா என்றோம். "என் வீடுதானே ஹஜ்ரத்!"

வீடு அவருடையதுதான். ஆனால் தம்பியின் மனைவி அவருக்கு மஹ்ரம் அல்லவே! அதே ஸூராவின் 58-ஆம் வசனம் ஃபஜ்ருக்கு முன்பும், ஆடை களைந்து இளைப்பாறும் நண்பகலிலும், இஷாவுக்குப் பின்பும் வீட்டுச் சிறுவர்களும் பணியாட்களுமே அனுமதி கேட்க வேண்டும் என்கிறது. கூடவே வளரும் சிறுவனைத் தடுத்து நிறுத்தும் அந்த மூன்று வேளைகளைக் கேமரா அறியுமா?

நான் மட்டும்தானே பார்க்கிறேன் என்பதும் உறுதியில்லாத பேச்சு. அமெரிக்காவில் 'ரிங்' என்ற வீட்டுக் கேமரா கம்பெனியின் ஊழியர் ஒருவர், 2017-இல் பெண் வாடிக்கையாளர்களின் ஆயிரக்கணக்கான பதிவுகளைப் பார்த்தார் என்று அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணையம் 2023-இல் குற்றம் சாட்டியது. படுக்கையறை, குளியலறைக் காட்சிகளும் அவற்றில் அடக்கம். 58 இலட்சம் டாலர் செலுத்தக் கம்பெனி இணங்கியது.

இதைவிட நம்மை வருத்தியது வேறொன்று. உம்மாவுக்காக வைத்த கேமராவைப் பார்த்துவிட்டு, "நேற்று நாலு மணிக்கு வந்தது யார்?" என்று மனைவியிடம் கேட்டதாக அவரே ஒப்புக்கொண்டார். ஸூரத்துல் ஹுஜுராத் தடுத்த துருவி ஆராய்தல் இப்படித்தான் அக்கறையின் வேடத்தில் வருகிறது. வந்தவர் காஸ் சிலிண்டர் கொண்டு வந்தவராம்!

உம்மாவின் கட்டிலருகே, அழுத்தினால் ஒலிக்கும் மணி ஒன்றை வையுங்கள், அதற்குக் கண் இல்லை என்றோம். அவ்வாறே செய்து, கேமராவை வெளிக் கேட்டில் மாட்டிவிட்டாராம். எதிர்வீட்டு முற்றமும் அதில் தெரிகிறதே, என்ன செய்வது என்று இப்போது எழுதிக் கேட்டிருக்கிறார். முகத்தைத் தம் வாசற்படியை நோக்கித் திருப்பி வைக்கும்படி பதில் எழுதியுள்ளோம்.