கரந்துகொண்ட சிறுபடை

ஐக்கிய அமெரிக்க நாட்டில் வாழும் சைவ அன்பர் ஒருவர் எமக்கொரு வினா விடுத்துள்ளார். இரவிலும் வாணிகம் நிகழும் கடையொன்றில் அவர் பணிபுரிகின்றார். ஒருமுறை கள்வர் புகுந்து அச்சுறுத்திய பின்னர், அந்நாட்டுச் சட்டம் இடங்கொடுத்தவாறு, கைத்துப்பாக்கி ஒன்றை இடையில் ஆடைக்குள் மறைத்துச் செல்கின்றார். அஃது உற்றவிடத்து உதவாதாயின் என்செய்வது என்னும் கவலையால், உள்ளங்கையில் அடங்கும் ரிவால்வர் ஒன்றையும் வாங்கிக் காற்சட்டைப் பையில் இட்டுக்கொண்டார். கோயிற்குச் செல்லுங்கால் பெரியதைக் காரினுள் வைத்துப் பூட்டிச் செல்வது அவர் வழக்கம். ஒருநாள் சிறியதை மறந்தார். சந்நிதியில் நிலமுற வீழ்ந்து வணங்கியபொழுது அது தொடையில் அழுந்திற்று. “யான் செய்தது பிழையோ? பிழையாயின் எதன்கண் பிழை?” என்பது அவர் வினா.

படை கொலைக்குரியது, கொலை விலக்கப்பட்டது, ஆகலின் படையும் விலக்கப்பட்டது என்று இரண்டு சொல்லில் விடுத்தல் எளிது. அது விடையாகாது. என்னை? படைக்கலம் ஏந்துதல்தானே குற்றமாயின், வாள்வித்தை பயிற்றி வாழ்ந்த ஏனாதிநாதர் திருத்தொண்டர் வரிசையில் இடம்பெறார். குற்றம் உண்டாயின் அது படையில் அன்று, கரத்தலிலாதல் இரண்டாவதொன்றை வேண்டுதலிலாதல் இருத்தல் வேண்டும்.

அக்கருவியின் இயல்பைச் சிறிது கூறுவோம். யூட்டா மாநிலத்துப் புரோவோ நகரில் நார்த் அமெரிக்கன் ஆர்ம்ஸ் என்னும் நிறுவனத்தார் இத்தகையவற்றைச் செய்கின்றனர். அவற்றுட் சிறியன ஏறத்தாழ நாலரை அவுன்சு எடையின. .22 அளவுள்ள தோட்டாக்கள் ஐந்து கொள்ளும். ஒவ்வொரு முறையும் பின்னுள்ள குதிரையைப் பெருவிரலாற் பின்னே இழுத்து நிறுத்திய பின்னரே விசையை அழுத்தலாகும். ஐந்தும் தீர்ந்தால் உருளையையே கழற்றி நிரப்புதல் வேண்டும். சிறுமையே அதன் சிறப்பு. அச்சிறுமை பற்றியே இறுகப் பிடித்தற்கும் குறிபார்த்தற்கும் அரிது. மிக அணித்தே வந்த பகைவன்மாட்டன்றிப் பயன்படுதல் அரிதென்பது வெளிப்படை. ஆயினும் பையில் இருப்பதே தெரியாது என்னும் ஒன்றுபற்றி அதனை விரும்புவார் பலர்.

கரத்தலைப் பற்றி அந்நாட்டாரே நெடுங்காலம் வழக்காடியுள்ளனர். 1813 இல் கெண்டக்கியும் லூயிசியானாவும் மறைத்துப் படை கொள்வதைச் சட்டத்தால் தடுத்தன. 1850 இல் லூயிசியானா உச்சநீதிமன்றம், வெளிப்படத் தாங்குதல் ஆண்மைக்குரிய காப்பு, மறைத்துத் தாங்குதல் வஞ்சக் கொலைக்கு வழி என்னுங் கருத்துப்படத் தீர்ப்புரைத்தது. 1865 இல் ஆபிரகாம் லிங்கனை நாடக அரங்கிற் பின்னின்று சுட்டவன் கொணர்ந்ததும் கைக்குள் அடங்கும் டெரிஞ்சர் துப்பாக்கியே. பிற்காலத்து நிலை தலைகீழாயிற்று. 2022 இல் ஐக்கிய அமெரிக்க உச்சநீதிமன்றம், தனித்தேவை காட்டியவர்க்கே உரிமச்சீட்டு என்றிருந்த நியூயார்க் சட்டத்தைச் செல்லாதென்றது. இற்றைநாள் மறைத்தலே நாகரிகம் எனப்படுகின்றது. வெளிப்படத் தாங்கினாற் கண்டவர் அஞ்சுவர் என்பது அவர் கூற்று. இதனை யாம் எள்ளமாட்டோம். படையைக் காட்டித் திரிதலில் செருக்குண்டு, மறைத்தலில் அஃதில்லை.

முத்தநாதனும் புத்தகக் கட்டினுள் வாளை மறைத்தானன்றோ எனின், அற்றன்று. அவன் திருநீற்றுக் கோலத்தை நம்பிய ஒருவரைக் கொல்லுதற்கே மறைத்தான். எம் அன்பர் எவரையும் நம்பச்செய்து கெடுக்க நினைந்திலர். இருவர் கரவும் ஒன்றெனல் நடுவுநிலையாகாது. ஆகவே கரத்தல் பற்றி அவர்மேற் குற்றம் ஏற்றோம்.

இனி இரண்டாவதன்கண் வருவோம். முதற்படையின் மேல் நம்பிக்கையின்மையால் வந்தது இது. இச்சிறுபடை தவறாதென்பதற்கு உறுதி யாது? அதற்கொரு மூன்றாவது வேண்டும். அதற்கும் ஒன்று வேண்டும். தருக்க நூலார் இதனை வரம்பின்றியோடல் என்னும் குற்றம் என்பர். அற்றேல், ஓடக்காரன் துடுப்பு இரண்டு கொள்வதும், காவற்றொழிலாளர் மறைவில் மற்றொரு துப்பாக்கி வைத்திருப்பதும் இக்குற்றமாமோ எனின், ஆகா. அவர் வேண்டுவது கருவி. கருவிக்குத் தேவையளவில் வரம்புண்டு. அஞ்சாமையையே கருவியினிடத்து வேண்டுவார்க்கு வரம்பில்லை. பிறிதொன்றைச் சார்ந்து நிற்கும் பொருள்களை எத்துணை அடுக்கினும், தன்வயத்தனாய் நிற்கும் ஒருவனைச் சாராதவழி அவ்வடுக்கு நிலைபெறாது.

இஃது யாம் நூலிலிருந்து மட்டும் கூறுவதன்று; அன்பரது மடலே சான்று. சிறியதை வாங்கிய பின்னர் அச்சம் குறைந்ததோ என யாம் வினவியதற்கு, குறையவில்லை என்றும், முன்னெல்லாம் வருவார் முகத்தை நோக்கியவர் இப்பொழுது அவர் கைகளையே நோக்குவதாகவும், பாற்புட்டி வாங்க வந்த கிழவியார் ஒருவர் பணம் எடுக்கப் பைக்குட் கையிட்டபொழுது தம் கையும் பைக்குட் சென்றதாகவும் எழுதினார். சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பென்பதைச் சித்தாந்தம் பயின்றார்க்கு யாம் விரித்தல் வேண்டா. படிகம் செம்பூவைச் சார்ந்து சிவத்தல் போல, ஓயாது ஐயத்தையே சார்ந்த அறிவு கிழவியின் கையையும் பகையாக் கண்டது. அன்று நிகழத் தவறியதை எண்ணுந்தோறும் எம் உள்ளம் நடுங்குகின்றது.

பகை புறத்தினின்றே வரும் என்பதும் மெய்யன்று. 2021 இல் அந்நாட்டில் துப்பாக்கியால் இறந்தார் 48,830 பேர். அவருள் 26,328 பேர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர். இவ்வெண்ணைக் கண்டபின் பூட்டாத படையொன்று வீட்டிற் கிடப்பதைப் பற்றி அன்பர்க்குத் தனியே எழுதினோம்.

ஏனாதிநாதர் வரலாற்றில் ஓரிடம் எம்மை என்றும் நிறுத்துவது. எதிர்த்தவன் நெற்றியில் நீறு கண்டவுடன் அவர் போரொழிந்தார். ஆயினும் வாளையும் கேடகத்தையும் விட்டிலர். படையில்லாதவரைக் கொன்றார் என்னும் பழி எதிர்த்தவனை எய்தாதிருக்கவே அவற்றை ஏந்தி நின்றார். படை கையில் இருந்தது, அச்சம் இல்லை, கை ஏந்தியதும் பிறர்பொருட்டு. அந்நிலை எம் அன்பர்க்கும் இல்லை, எமக்கும் இல்லை. அதனை எல்லார்க்கும் விதியாக்குதல் பொருந்தாது.

ஆதலின் பெரியதைப் பற்றி யாம் விலக்குரை எழுதிலோம். அந்நாட்டுச் சட்டமும் தம் தொழிலின் இடரும் அறிந்த அவரே அதனைத் தீர்க்கற்பாலர். சிறியதை மட்டும் ஒரு மண்டலம் தோட்டா நீக்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டுமாறும், கடைக்கு வருவார் முகத்தை முதலில் நோக்கிப் பின் கையை நோக்குமாறும் எழுதினோம். சந்நிதியில் நிகழ்ந்ததற்குக் கழுவாய் யாதெனக் கேட்டிருந்தார். மறதியால் நிகழ்ந்ததற்கு அழுந்திய நோவே போதும் என்றோம். மண்டலம் இன்னும் நிறையவில்லை.