காலம் சொல்லும் என்பது பற்றி

சில வருஷங்களுக்கு முன் ஒரு நண்பர் பன்னிரண்டு கவிதைகளைக் கொண்டுவந்து கொடுத்தார். அவற்றில் இரண்டு என்னைத் தொந்தரவு செய்தன. அதை அவரிடம் சொல்லவில்லை. ‘எழுதுங்கள், காலம் சொல்லும்’ என்றேன். அதற்குப் பிறகு அவர் எழுதவில்லை. என் வார்த்தையால்தான் நிறுத்தினார் என்று நினைப்பது எனக்கு நானே கொடுத்துக்கொள்ளும் அதிக முக்கியத்துவமாக இருக்கலாம். ஆனால் அந்த வாக்கியம் பொய் என்று இப்போது படுகிறது. இதை எனக்குக் காட்டியது விமர்சன நூல் எதுவும் அல்ல. மீதைல் என்ற சிறு ரசாயனப் பொருளின் கதை.

ஒரு கரி அணு, மூன்று ஹைட்ரஜன் அணுக்கள். கரியின் நாலாவது கை காலி. அந்தக் கை எதையாவது பற்றிக்கொள்ளாமல் இராது. இரண்டு மீதைல்கள் சந்தித்தால் ஈதேன் ஆகிவிடும். 1849இல் கோல்பே தனக்கு மீதைல் கிடைத்துவிட்டதாக நினைத்தார், கிடைத்தது ஈதேன்தான். பிறகு வெகுகாலம், அது தனித்து இருக்கவே முடியாது என்று ரசாயனிகள் பலர் நம்பினார்கள். ஜாடியில் அடைத்துக் காட்ட முடியாதது வெறும் கற்பனை என்பது அவர்கள் கட்சி.

1929இல் பானெத்தும் ஹோஃபெடிட்ஸும் ஒரு கண்ணாடிக் குழாயில் ஈயமும் மீதைலும் சேர்ந்த ஆவியை வேகமாக ஓடவிட்டு, ஓரிடத்தில் சூடாக்கினார்கள். அங்கே ஈயம் பளபளப்பான படலமாகப் படிந்தது. பிறகு ஓட்டத்தின் மேல்பக்கத்தில் இன்னோரிடத்தைச் சூடாக்கியபோது, பழைய படலம் கரைந்து மறைந்தது. மேலே பிரிந்த ஏதோ ஒன்று குழாய் வழியே வந்து ஈயத்தைப் பற்றிக்கொண்டு போயிருக்கிறது. அதுதான் மீதைல். ஆயிரத்தில் ஆறு விநாடிக்குள் அதில் பாதி போய்விடுகிறது என்றும் கணக்கிட்டார்கள். ஆனால் இது திருடனைக் காணாமற்போன பொருளை வைத்து அறிவது. இருந்தது என்று தெரிகிறது. எப்படி இருந்தது என்று தெரியவில்லை.

இன்னொரு வழி உறையவைப்பது. 1954இல் பிமென்டெலும் சகாக்களும், இப்படிப்பட்ட அற்பாயுள் பொருள்களை மந்த வாயுக்களின் பனிக்கட்டிக்குள் சிறைவைக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். சாவகாசமாகப் பார்க்கலாம். ஆனால் சுற்றியுள்ள பனி அதன் ஸ்வரத்தைச் சற்று நகர்த்திவிடும். நம் தொகை நூல்கள் ஞாபகம் வருகின்றன.

மூன்றாவது வழி, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் ஸ்வரத்தில் கேட்பது. ஒவ்வொரு மூலக்கூறும் தனக்கே உரிய அதிர்வெண்களில் அசைகிறது. அதே அதிர்வெண்ணுள்ள அகச்சிவப்புக் கதிர் ஊடே போனால் கதிர் சற்று மங்கும். லேஸர் கதிர் மிகச் சுத்தமான ஒற்றை ஸ்வரம். பெரும்பாலான பழைய லேஸர்களை நகர்த்த முடியாது. ஈய உப்புகளால் செய்த டயோடு லேஸரை நகர்த்தலாம். வெப்பத்தையும் மின்சாரத்தையும் சிறிது மாற்றினால், தம்பூராவின் பிருடையைத் திருகியதுபோல் ஸ்வரம் நகரும். மீதைலின் நிறமாலையை ஹெர்ஸ்பெர்க் 1956இலேயே புற ஊதாவில் பிடித்திருந்தார். 1981இல் ஜப்பானில் யமடா, ஹிரோட்டா, கவாகுச்சி மூவரும் டயோடு லேஸரைக்கொண்டு, குடை மேலும் கீழும் மடங்குவது போன்ற அதன் அசைவை 16.5 மைக்ரான் அருகே கோடு கோடாகப் படித்தார்கள். அசையாத நிலையில் அது தட்டையானது என்பது உறுதிப்பட்டது.

2000இல் வந்த செய்திதான் என்னை உலுக்கியது. விண்வெளியில் சுற்றிய ஓர் அகச்சிவப்புத் தொலைநோக்கி, நம் பால்வீதியின் மையத்தை நோக்கிய திசையில், அதே 16.5 மைக்ரானில் மீதைலைக் கண்டது. நட்சத்திரங்களுக்கு நடுவே மோதுவதற்கு ஆளில்லை. அங்கே அது குழாயில் ஓடியதைவிட மிக நீண்டகாலம் இருக்கும். அப்படியானால் அற்பாயுள் அதன் சுபாவம் அல்ல. அது இருந்த இடத்தின் நெரிசல் பற்றிய தகவல். அதேபோல, நீடித்திருப்பது மேன்மைக்கு அத்தாட்சியும் அல்ல. யாரும் வந்து தொடவில்லை என்பதாகவும் இருக்கலாம்.

நாம் எழுத்தை ‘நின்றது’, ‘நிற்கவில்லை’ என்று பிரிக்கிறோம். நிற்காததற்கான காரணத்தை எழுத்துக்குள்ளேயே தேடுகிறோம். அது என்ன நெரிசலில் விழுந்தது, யார் கையில் கொடுக்கப்பட்டது என்று கேட்பதில்லை. காலம் என்பது ஒரு நீதிபதி அல்ல. ஒரு கணத்தில் யாரோ ஒருவர் சரியான ஸ்வரத்தில் இருந்தார் அல்லது இல்லை, அவ்வளவுதான்.

உடனே மறைவதெல்லாம் உயர்ந்தது என்று நான் சொல்லவில்லை. அந்தக் கதிருக்குத் தாட்சண்யம் கிடையாது. ஒன்றும் இல்லாத இடத்தில் அது மங்காது. அங்கே பொருள் இல்லை என்று சொல்லிவிடலாம். பத்துக் கவிதைகளைப் பற்றி நான் அப்படிச் சொல்லியிருக்கலாம். அதற்கும் தைரியம் வேண்டும். ஆனால் இரண்டில் கதிர் மங்கியது. அது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்ததைச் சொல்லும் பொறுப்பைத்தான் காலத்தின் தலையில் கட்டினேன்.

நண்பரைப் போன மாதம் பஸ்ஸில் பார்த்தேன். அந்தக் கவிதைகளைப் பற்றிக் கேட்டேன். பிரதி தன்னிடம் இல்லை என்றார். என்னிடமும் இல்லை. இரண்டின் தலைப்பும் எனக்கு நினைவிருந்தது, சொன்னேன். அவர் கொஞ்சநேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ‘அப்பவே சொல்லியிருக்கலாமே’ என்றார்.