மெல்லச் செல்வோன் கடன்

ஒரு நிலத்தைக் கண்டேன் என்று சொல்லும் உரிமை யாருக்கு உண்டு? வண்டியின் கண்ணாடி வழியே அதைக் கடந்து போனவனுக்கா, அதன்மேல் நடந்தவனுக்கா, அதில் குனிந்து உழைத்தவனுக்கா? பிரான்சு நாட்டின் திராட்சை நிலங்களை எண்ணும்போதெல்லாம் இவ்வினா என் உள்ளத்தில் எழுகின்றது.

மது விளையும் மண்ணில் நமக்கென்ன வேலை என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவரின் வழிவந்தோர் நாம். அவ்வதிகாரத்தோடு எனக்குப் பிணக்கில்லை. ஆயினும் கோப்பையைத் தொடாதவனும் கொடியைக் காணலாம். உழவைப் போற்றுவதற்குக் குடிக்க வேண்டியதில்லை.

பர்கண்டிப் பகுதியில், போன் என்னும் பழைய நகரிலிருந்து சாந்தனே என்னும் ஊர்வரை, திராட்சைத் தோட்டங்களின் ஊடே ஏறத்தாழ 22 கிலோமீட்டர் நீளத்திற்கு மிதிவண்டிப் பாதையொன்று செல்கின்றது. பொம்மார், மெர்சோ, புலினி-மோன்ராஷே என்று ஊருக்கு ஊர் பெயரும் மதுவும் மாறுகின்றன. கிழக்கு நோக்கிச் சரியும் ஒரே நீண்ட மேட்டின் அடிவாரம் அது. உச்சியில் மண் மெலிந்து கிடக்கின்றது. அடியில் கனத்து ஈரம் தங்குகின்றது. இடைச்சரிவில்தான் சுண்ணாம்புக்கல் கலந்த மண்ணில் நீர் நன்கு வடிந்து சிறந்த கனி விளைகின்றது. நூலில் படித்தால் இது ஒரு செய்தி. மிதிவண்டியில் செல்பவனுக்கோ இதை முழங்கால்கள் உணர்த்திவிடும். மோன்ராஷே என்னும் புகழ்மிக்க நிலம் ஏறத்தாழ 8 ஹெக்டேர்தான். அதன் கீழ்ப்புறத்தில் ஒரு சிறு சாலை. அதைக் கடந்தால் நிலத்துக்கு வேறு பெயர், மதுவுக்கு வேறு விலை. உந்து வண்டியில் செல்வோர் அச்சாலையைக் கடந்ததையே அறியார். இவ்வாறு தனிப்பெயர் பெற்ற 1,247 துண்டு நிலங்களை 2015ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக மரபுச் செல்வமாக ஏற்றது. பெயரிட்டோர் யார்? துறவியரும் உழவருமாகப் பல நூற்றாண்டுகள் அம்மண்ணில் நடந்தவர்கள். நடந்து அறிந்ததை நடந்தே அறிதல் பொருத்தமுடையது.

இதுவரை மெல்லச் செல்வோனின் பெருமை பேசினோம். இனி ஓர் ஐயம்.

மெல்லச் செல்வது ஓர் அறம் என்று இன்று பலர் கருதுகின்றனர். புகை கக்காமல், ஊரைக் கலைக்காமல், வியர்வை சிந்திச் செல்வதால் தாம் மற்றப் பயணிகளினும் மேலானவர் என்னும் எண்ணம் அவர்களிடம் மெல்லத் தலைதூக்குகின்றது. ஆனால் அவர்தம் வியர்வை விருப்பத்தால் வந்தது. நிழல் கண்ட இடத்தில் ஆறிவிடும். பர்கண்டியில் ஒரு ஹெக்டேரில் பதினாயிரம் கொடிகள்வரை நட்டு, அவற்றைக் குட்டையாகவே வளர்க்கின்றனர். குலை கொய்பவர் நாள் முழுதும் முதுகு வளைத்தாக வேண்டும். குளிர்காலத்தில் கவாத்துச் செய்பவர், வெட்டிய கொடிகளைத் தள்ளுவண்டியிலேயே எரித்துக்கொண்டு வரிசை வரிசையாக நகர்கின்றார். இளவேனிலில் வரும் பயணி அவரைக் காண்பதேயில்லை.

வடக்கே ஷாம்பெய்ன் பகுதியின் குன்றுகளும் அதே 2015இல் மரபுச் செல்வமாயின. அங்குத் திராட்சையைக் கையால்தான் கொய்ய வேண்டும் என்பது விதி. ஆகவே ஆண்டுதோறும் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சில வாரங்களுக்கு வந்து உழைக்கின்றனர். 2023ஆம் ஆண்டின் அறுவடையில், பெரும்பாலும் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஐம்பதுக்கு மேற்பட்ட தொழிலாளர், வாழத் தகாத கட்டடமொன்றில் தங்கவைக்கப்பட்டிருந்தது வெளிப்பட்டது. 2025இல் அந்நாட்டு நீதிமன்றமொன்று மூவரை மனிதக் கடத்தல் குற்றத்துக்காகத் தண்டித்தது. அக்குன்றுகளின் ஊடே எத்தனை பேர் நடந்தும் மிதித்தும் சென்றிருப்பர்! மெல்லச் சென்ற கண்களும் அக்கட்டடத்துக்குள் நுழையவில்லை. இரப்பர்க் காட்டின் லயன் வீடுகளை அறிந்த நமக்கு இது புதிதாகத் தோன்றாது. தேயிலைச் சரிவின் பசுமையைப் படம் பிடித்தோரில் எத்தனை பேர் கொழுந்து பறித்தவரின் கூரையைப் பார்த்தனர்?

அப்படியானால் நடப்பதை விட்டுவிடலாமா? வேண்டியதில்லை. விரைந்து செல்பவனுக்குக் காணவில்லை என்னும் சாக்கு உண்டு. நின்று பார்க்க நேரமுள்ளவனுக்கு அச்சாக்கு இல்லை. அவன் மெதுவே அவன்மேல் கடனாக ஏறுகின்றது.

அக்கடனைத் தீர்க்கப் பெருஞ்செயல் ஏதும் தேவையில்லை. மது சுவைக்கும் கூடங்களில் பயணிகள் மண்ணைப் பற்றியும் மரப்பீப்பாயைப் பற்றியும் மழையைப் பற்றியும் தயங்காமல் கேட்கின்றனர். கொய்தவர் எங்கே உறங்கினர் என்றும் கேட்கலாம். பர்கண்டியில் அறுவடை முடிந்ததும் உரிமையாளரும் தொழிலாளரும் ஒன்றாக அமர்ந்து உண்ணும் விருந்துக்குப் ‘போலே’ என்று பெயர். அம்மேசையில் மனமொப்பி அமர்ந்தவர் இக்கேள்விக்கு மகிழ்ந்தே விடையளிப்பார். முகம் மாறுபவரிடமும் கேட்கத்தான் வேண்டும்.